ஷுக்ர் செய்யச் சொல்லுமுன் கடிதத்தை வாசியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் இரவு வந்து வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கமென்ட் எழுத வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

நம் ஊரில் ஒரு வாரமாக ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு. "கொழும்பில் எஞ்சினியர் வேலை கிடைச்சும் வேணாம் எண்டு வந்துட்டானாம்", "படிச்ச திமிர்", "ஷுக்ர் இல்லாத பிள்ளை". தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், பள்ளி வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டேன், ஒரு கல்யாண வீட்டிலும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்தப் பிள்ளை என் மாணவன். அவனிடமும் அவன் உம்மாவிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நிறுவனத்தின் பெயரும் சொல்ல மாட்டேன். அப்படிக் கடிதம் கொடுப்பது அந்த ஒரு நிறுவனம் மட்டும் இல்லை என்பதால் பெயர் தேவையும் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். 2019 உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து அவன் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானபோது சந்தியில் பேனர் கட்டினோம். அவன் படத்தை விடப் பெரிதாக வாழ்த்தியவர்களின் பெயர்கள் இருந்தன. "எங்கள் மண்ணின் பொறியியலாளர்" என்று போட்டிருந்தோம். நானும் காசு கொடுத்தேன். அவன் முதலாம் வருடம் தொடங்குவதற்குள் கொரோனா வந்தது. பிறகு 2022 இல் நெருக்கடி வந்தது. நாலு வருடப் படிப்பு இழுபட்டு இழுபட்டுப் போனது. அந்த வருடங்களில் அவன் உம்மாவின் காப்பு அடகுக்குப் போனதும், வாப்பா இரவு இரவாக ஓட்டோ ஓடியதும் பேனர் கட்டிய எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டம் முடிந்தது. கொழும்பில் ஒரு கட்டட நிர்மாண நிறுவனத்தில் இன்டர்வியூ. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மாதம் 65,000 ரூபாய். உம்மா அழுதார். நான் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? "அல்ஹம்துலில்லாஹ், யோசிக்காம சைன் பண்ணு மகன்."

ஆம், நானும் அப்படித்தான் சொன்னேன். கடிதத்தைப் பார்க்காமலே சொன்னேன். இந்தப் பதிவு ஊருக்கு எழுதுவது போலவே எனக்கும் எழுதுவது.

மறுநாள் பின்னேரம் அவன் கடிதத்தையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "ஸேர், நீங்கதானே கணக்குப் படிப்பிச்சீங்க. இதையும் ஒருக்கா செய்து பாருங்க" என்றான். செய்து பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.

கடிதத்தில் இருந்தது இது:

அடிப்படைச் சம்பளம் 30,000. விசேட படி 20,000. சைட் படி 15,000, சைட்டில் நின்ற நாட்களுக்கு மட்டும். வாரத்தில் ஆறு நாள், காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. "நிறைவேற்றுத் தரம்" என்பதால் ஓவர்டைம் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் மூன்று இலட்சம் கட்ட வேண்டும். பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

அடிப்படைச் சம்பளம் 30,000 என்ற இலக்கத்தைப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது? 2026 ஜனவரி 1 முதல் இந்த நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபாய். ஒரு சதம் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. எந்தப் படிப்பும் எந்த அனுபவமும் இல்லாமல் இன்று காலை வேலைக்கு வருகிற ஒருவருக்குச் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய தொகை எதுவோ, அதைத்தான் பொறியியல் பட்டதாரிக்கு அடிப்படைச் சம்பளமாக எழுதியிருக்கிறார்கள். இதற்குக் கீழே போனால் சட்டம் பிடிக்கும் என்பதால் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவன் படித்த படிப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் போட்ட விலை பூச்சியம்.

"மொத்தம் 65,000 வருதுதானே, எப்படிப் பிரிச்சா என்ன?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார். பிரிப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஊழியர் சேமலாப நிதிக்கு தொழில் கொள்வோர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு தொழில் கொள்வோர் 3 வீதம். அது 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். இந்த வீதங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வாழ்க்கைச் செலவுப் படி, விசேட படி போன்ற மாதாமாதம் கிடைக்கும் படிகளும் கணக்கில் சேரும். ஓவர்டைம்தான் சேராது. ஆனால் இந்த நிறுவனம் 30,000 க்கு மட்டுமே கட்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது.

விசேட படி 20,000 ஐ வெளியே வைத்ததால் நிறுவனத்துக்கு மாதம் 15 வீதம், அதாவது 3,000 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 36,000. இரண்டு வருட பொண்டுக்குள் 72,000. அந்தப் பிள்ளையின் ஒரு மாத முழுச் சம்பளத்தை விடக் கூடுதலான தொகை சத்தமில்லாமல் போகிறது. சைட் படியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒழுங்காகக் கட்டினால் பிள்ளையின் கைக்கும் மாதம் 1,600 குறையும் என்பது உண்மை. ஆனால் அது அவன் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும். நிறுவனம் கட்டாத 3,000 யாருடைய கணக்கில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது நேரம். காலை 7 முதல் மாலை 6. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்கு 10 மணித்தியாலம். மாதம் 26 நாள், 260 மணித்தியாலம். 65,000 ஐ 260 ஆல் பிரியுங்கள். மணித்தியாலத்துக்கு 250 ரூபாய்.

போன மாதம் என் வீட்டுச் சுவர் பூசிய மேசன் பாஸுக்கு நாளுக்கு 4,000 கொடுத்தேன். எட்டு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 500. மேசன் பாஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கைத்திறனுக்கு அந்த விலை தகும். மழை பெய்தால் அவருக்கு வேலை இல்லை, மாதத்தில் பதினெட்டு நாள் வேலை கிடைத்தால் பெரிய விஷயம், சேமலாப நிதியும் இல்லை. அதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பதினெட்டு நாள் வேலை செய்தாலும் அவருக்கு 72,000. இரவு வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு சாப்பிடுகிறார். அந்தப் பாஸ் கட்டுகிற தூண் சரியா பிழையா என்று கையெழுத்து வைக்கப் போகிறவனுக்கு அதில் பாதி விலை.

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இலிருந்து வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சொல்கிறது. சைட்டில் நிற்பவனுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சட்டத்தரணிகள் வாதாடட்டும். ஒரு மனிதனின் வேலை வாரம் எவ்வளவு என்பதற்கு அளவுகோலாக அதை எடுப்பதில் பிழையில்லை. இந்தக் கடிதத்தில் வாரம் 60 மணித்தியாலம். நாலு வாரத்தில் ஐந்தாவது வாரம் ஒன்றைச் சும்மா வாங்கிக்கொள்கிறார்கள். "நிறைவேற்றுத் தரம்" என்ற பட்டப்பெயர் அதற்குத்தான்.

அடுத்தது செலவு. கொழும்பில் மூன்று பேரோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் அவன் பங்கு 15,000. சாப்பாடு நாளுக்கு 1,000 என்று வையுங்கள், சோறும் பருப்பும்தான், 30,000. பஸ் 6,000. போன், டேட்டா 2,500. மாதம் ஒரு தடவை கந்தளாய் வந்து போக 4,000. கூட்டினால் 57,500. சம்பளத்தில் சேமலாப நிதி 2,400 கழித்தால் கைக்கு 62,600. மிச்சம் 5,100. அதுவும் 26 நாளும் சைட்டில் நின்று சைட் படி முழுதாகக் கிடைத்தால். மழைக்கு வேலை நின்றாலோ, காய்ச்சலில் படுத்தாலோ நாளுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வெட்டு. ஒன்பது நாள் வெட்டினால் மாத முடிவில் கை வெறுமை. உம்மாவின் காப்பை மீட்பது எப்போது?

"அனுபவம் இல்லாத பிள்ளைக்கு இது போதும். நாங்க எல்லாம் இதை விடக் குறைவாகத்தானே தொடங்கினோம்." இதுதான் அதிகம் கேட்கிற பேச்சு. இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அவனுக்கு மூத்த பெட்ச் பையன் ஒருவன் 2021 இல் இதே நிறுவனத்தில் இதே வேலைக்குச் சேர்ந்தபோது 45,000 வாங்கியிருக்கிறான். நிறுவனம் இதைத்தான் சொல்லிக் காட்டியது, "இப்ப இருபதாயிரம் கூட்டித் தாறம்" என்று. இனி 2021 இலிருந்து விலைவாசிக்கு என்ன நடந்தது? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பிறகு பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தது. குறைந்தது விலை ஏறும் வேகம்தான். ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. 2021 ஐ 100 என்று வைத்துக் கணிக்கும் அந்தச் சுட்டெண் இன்று 190 ஐச் சுற்றி நிற்கிறது. அதாவது 2021 இல் 45,000 க்கு வாங்கியதை இன்று வாங்க ஏறக்குறைய 85,500 வேண்டும். இன்று தருகிற 65,000 என்பது 2021 காசில் 34,000 சொச்சம். இருபதாயிரம் கூட்டவில்லை, பத்தாயிரத்துக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டல் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். 2021 இல் குறைந்தபட்சச் சம்பளம் 12,500. 45,000 என்பது அதன் மூன்றரை மடங்குக்கு மேல். இன்று 65,000 என்பது 30,000 இன் இரண்டு மடங்கும் கொஞ்சமும். குறைந்தபட்சச் சம்பளம் கூடியது நல்லது. ஏழையின் கூலி கூடியதற்கு நான் அழவில்லை. கீழ்த்தளத்தை அரசாங்கம் உயர்த்தியது, அதற்கு மேல் இருந்த படிகளை முதலாளிகள் அப்படியே விட்டுவிட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

"நாங்கள் இதை விடக் குறைவாகத் தொடங்கினோம்" என்பதில் என் கதையும் இருக்கிறது. நான் தொண்டர் ஆசிரியராகத்தான் தொடங்கினேன். நாலு வருடம். பெற்றோர் சேர்ந்து கொடுத்த சிறு தொகை, அதுவும் சில மாதம் இல்லை. யாராவது கேட்டால் "ஷுக்ர், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம்" என்பேன். நிரந்தர நியமனம் வந்த பிறகுதான் அந்த நாலு வருடத்தின் விலை புரிந்தது. என்னோடு கொழும்பில் தொடங்கியவன் சேவைக் காலத்தில் எனக்கு முன்னால் போய்விட்டான். அந்த இடைவெளி இன்றுவரை மூடவில்லை. ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாடு 1997 இலிருந்து இழுபடுகிறது. 2021 ஜூலையில் ஒன்லைன் வகுப்புகளை நிறுத்திவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் போராடினோம். அப்போதும் சிலர் எங்களிடம் ஷுக்ர் பற்றிப் பேசினார்கள். தொடக்கச் சம்பளம் என்பது முதல் மாதத்து விஷயம் இல்லை. அடுத்த முதலாளி கேட்கும் முதல் கேள்வியே "இப்ப எவ்வளவு எடுக்கிறீங்க?" என்பதுதான். தொடக்கத்தில் குனிந்தவன் பத்து வருடம் குனிந்தே நடக்கிறான். நான் பட்டதை என் மாணவனும் பட வேண்டும் என்று சொல்வதற்கு ஆசிரியர் எதற்கு?

ஷுக்ர் என்பது அல்லாஹ்வுக்குச் செய்வது. கொந்தராத்துக்காரருக்குச் செய்வது இல்லை. அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவரைக் கண்டிக்கும் ஒரு சூராவே இருக்கிற மார்க்கம் இது. வியர்வை காயுமுன் கூலி கொடுப்பதைப் பற்றி எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்? அது கூலி கொடுப்பவருக்குச் சொன்ன புத்தி. அதை விட்டுவிட்டு, கூலி வாங்குபவனின் வாயை மூட ஷுக்ரை எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நானும் ஒரு பக்கத்துத் தராசாகிவிடுவேன்.

பிள்ளை பெற்றோரில் சிலர், "எஞ்சினியர் என்றால் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையப் போகாதே" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்ன மருமகனின் மென்பொருள் கம்பனிச் சம்பளத்தை வைத்துச் சொல்கிற கணக்கு அது. கணினித் துறைச் சம்பளம் வெளிநாட்டு டொலரில் வருகிறது. கட்டட நிர்மாணத் துறை 2022 இல் படுத்து இப்போதுதான் எழுந்து நிற்கப் பார்க்கிறது. மாதம் 150,000 வரை வருமான வரியே இல்லை என்று 2025 ஏப்ரலில் சட்டம் மாறியதே, அந்த எல்லையை முதல் மாதமே தொடுகிற சிவில் பொறியியலாளர்கள் மிகக் குறைவு. சிறிய ஒப்பந்தகாரர்களில் சிலருக்கு உண்மையிலேயே கொடுக்க முடியாத நிலையும் உண்டு. அப்படியானவர் "தம்பி, இப்ப இவ்வளவுதான் முடியும், ஆறு மாதத்தில் இவ்வளவு கூட்டுவேன்" என்று எழுதித் தந்தால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. இல்லாததை இல்லை என்பவரும், இருப்பதை ஒளிப்பவரும் ஒன்றல்ல.

சவூதிக்குப் போகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2,500 ரியால் என்றால் ரியால் 80 ரூபாய்ப்படி இரண்டு இலட்சம் என்று உடனே பெருக்கிவிடுகிறோம். தங்குமிடம் யார் தருவது, சாப்பாடு யார் செலவு, டிக்கெட் யார் எடுப்பது, விசாவில் தொழில் என்ன என்று எழுதியிருக்கிறது? விசாவில் தொழிலாளி என்று போட்டு, சைட்டில் பொறியியலாளர் வேலை வாங்குவார்கள். சவூதிப் பொறியியலாளர் கவுன்சிலில் பதிவு இல்லாமல் அங்கே பொறியியலாளர் என்று நிற்க முடியாது. அனுபவமில்லாமல் அங்கே போகிறவன் இங்கே 65,000 க்குக் கையெழுத்து வைக்கிறவனை விட இறுக்கமான கயிற்றில் மாட்டலாம். கடிதத்தை வாசிப்பது அங்கேயும் இதே மாதிரித்தான்.

அப்படியானால் நியாயமான சம்பளம் எது? ஒரு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். இலக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதுதான் நான் கற்றது. இதே 65,000 ஐ எடுங்கள். வேலை திருகோணமலையில், வீட்டிலிருந்து போய் வரலாம், வாரம் 45 மணித்தியாலம், படிகளுக்கும் சேர்த்து சேமலாப நிதி, மேலே ஒரு பட்டயப் பொறியியலாளர், பொண்ட் இல்லை. அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் நானே பேனா கொடுத்து நாளைக்கே சைன் பண்ணச் சொல்லியிருப்பேன். இலக்கம் அதே இலக்கம்தான். கடிதம் வேறு.

ஆகவே பிள்ளைகள் கடிதம் கொண்டு வந்தால் இந்த ஏழையும் கேளுங்கள்:

1. மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருகிறது? மாதச் சம்பளத்தை உண்மையில் வேலை செய்யும் மணித்தியாலத்தால் பிரியுங்கள். கடிதத்தில் உள்ள நேரத்தை நம்பாமல் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேளுங்கள்.

2. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு? எந்தப் படி எப்போது வெட்டப்படும்?

3. சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள்? ஐந்து வருடம் நின்றால் பணிக்கொடையும் அடிப்படையைச் சுற்றித்தான் வரும்.

4. அந்த இடத்தில் வாழ்ந்து மிச்சம் எவ்வளவு? கந்தளாய் விலையில் கொழும்புச் சம்பளத்தை அளக்க வேண்டாம்.

5. யாருக்குக் கீழே வேலை? இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் பட்டயப் பொறியியலாளராக வேண்டுமானால் மேற்பார்வையோடு கூடிய சில வருட அனுபவம் வேண்டும். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி பொறியியலாளர் பேரவையில் பதிவும் வேண்டும். நல்ல ஆளுக்குக் கீழே இரண்டு வருடம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. இரண்டு வருடமாகக் கம்பி எண்ணவும் லொறி எண்ணவும் மட்டும் விடுவார்கள் என்றால் அது சம்பளத்தில் ஒரு வெட்டு.

6. வெளியே வரும் வழி என்ன? பொண்ட் எவ்வளவு, எதற்காக? பயிற்சிக்கு உண்மையில் காசு செலவழித்தார்களா? பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். காட்டலாம், பிரதி கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக்கூடாது.

7. உன் பெட்சில் ஐந்து பேருக்கு என்ன கொடுத்தார்கள்? சம்பளத்தைச் சொல்வது வெட்கம் என்று எங்களுக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள். அந்த வெட்கத்தில் இலாபம் யாருக்கு என்று யோசியுங்கள். சந்தையில் நெல் விலையைப் பத்துப் பேரிடம் கேட்காமல் விற்கிற விவசாயி யாராவது இந்த ஊரில் இருக்கிறாரா?

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. என் மாணவி ஒருத்தியிடம் இன்டர்வியூவில் "எப்ப கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதே வேலைக்கு அவளோடு போன பையனுக்குச் சொன்னதை விடப் பத்தாயிரம் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் "பொம்பளைப் பிள்ளைக்கு இதுவே போதும்" என்றார்களாம். கம்பனி குறைத்தது ஒரு தரம், வீடு குறைத்தது இரண்டாம் தரம்.

கடைசியாக இந்த ஊரின் ஒரு விஷயம். நாம் குளத்துக்குக் கீழே வாழ்கிறவர்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்று நடந்ததை இன்றும் சொல்லும் மூத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒரு கட்டின் பலத்தைக் கணக்கிடுகிறவன், ஒரு விரிசலைப் பார்த்து "இன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்" என்று சொல்கிறவன் யார் என்று மற்ற ஊர்களை விட எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன நவம்பரில் டித்வா புயலில் நாடு முழுக்கப் பாலங்களும் பாதைகளும் போனதைப் பார்த்தோம். வாரம் 60 மணித்தியாலம் நின்று, பசியோடு, மூன்று இலட்சம் பொண்டுக்குப் பயந்து நிற்கிற 26 வயதுப் பிள்ளை, "இந்தக் கொங்கிரீட் சரியில்லை" என்று மனேஜரிடம் சொல்வானா? சொன்னால் வேலை போகும், வேலை போனால் மூன்று இலட்சம். வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைப்பான். அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்கப் போவது நம் பிள்ளைகள்தான்.

என் மாணவன் என்ன செய்தான் என்று சொல்லி முடிக்கிறேன். அவன் திமிராக எதையும் தூக்கி எறியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். நாலு விஷயம் கேட்டோம். விசேட படிக்கும் சேர்த்து சேமலாப நிதி. சைட் படி நிலையாக வேண்டும். பொண்ட் வேண்டாம், அல்லது மாதாமாதம் குறைந்துகொண்டு வர வேண்டும். சான்றிதழின் பிரதி மட்டும். சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவில்லை. 65,000 க்கே சம்மதம் என்று எழுதினோம். பதில் போனில் வந்தது. சான்றிதழ் விஷயத்தை விட்டுத் தருகிறோம், மற்றது முடியாது, "உங்கட இடத்துக்கு நூறு பேர் நிக்கிறாங்க" என்று. அவன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

இப்போது பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளுக்கு பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறான். இன்னும் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறான். வேலை கிடைக்குமா என்று எனக்கும் பயம் இருக்கிறது. இரவில் அவன் உம்மாவின் முகம் ஞாபகம் வந்தால் நான் சொன்ன புத்தி சரியா என்று யோசிக்கிறேன். கடன் இருக்கிற வீட்டில் வேலையை விடு என்று சொல்வது இலகுவில்லை. அவன் சைன் பண்ணியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். வீட்டு நிலைமை அவனவனுக்குத்தான் தெரியும். ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவனைக் கணக்கே பார்க்காதவர்கள் திமிர் பிடித்தவன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த நூறு பேர் நிற்கிறார்கள் என்ற பேச்சுக்குப் பதில் நம் கையில் இருக்கிறது. நூறு பேரும் தனித்தனியாகக் கடிதத்தை ஒளித்து வைத்திருப்பதால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது.

பள்ளி நிர்வாகத்துக்கும் நலன்புரிச் சங்கங்களுக்கும் மூன்று வேண்டுகோள். பேனருக்குச் செலவழிக்கும் காசில் பாதியை, முதல் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு மூன்று மாத அறை வாடகைக் கடனாகக் கொடுக்க ஒரு சிறு நிதி வையுங்கள். பசி இருக்கிறவனால் பேரம் பேச முடியாது. இரண்டாவது, மாதம் ஒரு தடவை ஒரு சட்டத்தரணியையும் ஓய்வுபெற்ற ஒரு பொறியியலாளரையும் உட்கார வைத்து நியமனக் கடிதங்களை வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று பார்க்காமல் எந்தப் பிள்ளையும் வரட்டும். கடிதத்தின் பொறி எல்லோருக்கும் ஒரே பொறிதான். மூன்றாவது, நம் ஊர் ஒப்பந்தகாரர்களே, முதல் ஸஃப்பில் நிற்கிறவர்களே, உங்கள் சைட்டில் வேலை செய்யும் பிள்ளைக்குச் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? கொழும்புக்காரரைத் திட்டுவது சுகம். நம் வீட்டுத் தராசையும் ஒருமுறை பார்ப்போம்.

சேமலாப நிதி கட்டாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் தொழில் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போகலாம். அது உங்கள் உரிமை.

கையில் கடிதம் இருக்கிற பிள்ளைகள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு என் வீட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணி நான் தருகிறேன், கொப்பியும் பேனாவும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

அவனைப் பற்றி இனிப் பேசுகிறவர்கள் முதலில் அந்தப் பிரிப்பைச் செய்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். 65,000 ஐ 260 ஆல்.

வஸ்ஸலாம்.